துரை மட்டும் மேட்டில்

அணைக்கட்டின் மேல் நாற்றம் அடித்தது.

கதவுகளின் ஓரத்தில் பச்சைப் பாசி, பிளாஸ்டிக் போத்தல்கள், வயிறு ஊதிய ஒரு நாய். நாய் படத்தில் விழாதபடி திரும்பி நின்று, கொழும்பிலிருந்து வந்தவர்கள் செல்பி எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டுதான் நானும் ஏறினேன். தனியாக வருகிறவனைக் காவலாளி விடமாட்டான்.

இன்று அப்பாவின் திதி. அணை வருவதற்கு முன் அவரைத் தேயிலைத் தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். எலும்புகளையாவது எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை. தண்ணீரை ஏற்றிவிட்டார்கள்.

என் பையில் வெற்றிலை, உளுந்து வடை, கால் போத்தல் சாராயம். குழிமேட்டில் வைக்க வேண்டியதைத் தண்ணீரிலாவது போட்டுவிட்டுப் போக வேண்டும்.

வழிகாட்டி கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். அணையின் உயரத்தைச் சொன்னான். எந்த நாட்டு இஞ்சினியர்கள் வந்தார்கள், இங்கே எடுக்கும் கரண்ட் எந்த ஊர்வரை போகிறது என்றெல்லாம் சொன்னான்.

“அப்புறம் ஏன் தம்பி எங்க பில்லு மட்டும் எறங்க மாட்டேங்குது?” என்றார் ஒரு பெரியம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு.

பிறகு மேட்டைக் காட்டினான். அங்கே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கல்லறை. தண்ணீர் ஏறுவதற்கு முன் கல் கல்லாகப் பெயர்த்து, மேலே கொண்டுவந்து, அப்படியே திரும்பக் கட்டினார்களாம். சுற்றிலும் இரும்பு வேலி. ரோஜாச் செடிகள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“துரைக்கு வேல செஞ்சவங்க குழியெல்லாம் எங்கங்க?” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்படி ஒன்னும் இங்க இருக்கலைங்க சார். வெறும் காடுதான்.”

பொய் சொல்கிறவனுக்குத் தொண்டையாவது கரகரக்கும். இவனுக்கு அதுவும் இல்லை.

கூட்டம் துரையைப் படம் எடுக்கப் போனது. நான் கம்பியோரம் போய்ப் பையை அவிழ்த்தேன்.

வழிகாட்டி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“தண்ணில எதுவும் போடக் கூடாதுங்க சார்!”

காவலாளி திரும்பிப் பார்த்தான். பெரியம்மாவும் பார்த்தார்.

வழிகாட்டி பையைப் பிடுங்கி, உள்ளே இருந்தவற்றை விலக்கி விலக்கிப் பார்த்தான். பிறகு உதடு அசையாமல் கேட்டான்.

“அப்பாவுக்குச் சுருட்டு வாங்கலையாடா?”

கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க, என் அண்ணன் அந்தப் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.