இப்போதைய முதலமைச்சர்

கண்ணைத் திறந்தபோது எங்கோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

தீபாவளியா?

இல்லை. தீபாவளி போய்விட்டது. அது நினைவிருந்தது.

சட்டசபையில் பேசிக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் யாரோ எழுந்து கத்தினார்கள். பதில் சொல்ல வாய் திறந்தார். கையிலிருந்த டம்ளர் நழுவியது.

அதற்குப் பிறகு இந்த அறை.

கட்டிலோரம் மனைவி கோமளம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் விழித்ததைப் பார்த்து மறுபடியும் அழுதாள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் குனிந்தாள்.

"நான் டாக்டர் ரெஜினா, சார். மூளையில ரத்தக்கசிவு. ஆபரேஷன் பண்ணியிருக்கோம். நாலு கேள்வி கேக்குறேன், தெரிஞ்சதைச் சொல்லுங்க."

பெயர் கேட்டாள். சொன்னார். ஊர் கேட்டாள். சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"நம்ம முதலமைச்சர் யாரு?"

கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லா நோயாளிகளிடமும் கேட்கிற கேள்வி. பழக்கத்தில் வந்துவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என்கிட்டயே கேக்குறீங்களே. நான்தாம்மா."

டாக்டர் தலையாட்டவில்லை.

கோமளத்தைப் பார்த்தார். அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

தலைக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டதா?

கேட்காமலேயே, தனக்கு முன்னால் பதவியில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். முதலில் சதாசிவம். பதவியில் இருந்தபடியே இறந்துபோனார். பிறகு வேங்கடபதி. சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள். பிறகு மாசிலாமணி. டெல்லியில் விமானம் ஏறும்போது முதலமைச்சர். இங்கே வந்து இறங்கும்போது இல்லை. இடைப்பட்ட நேரத்தில் எம்.எல்.ஏ.க்களைத் திரட்டியது இவர்தான்.

"அதுக்கப்புறம் நான்."

ஒரு பெயர்கூடத் தவறவில்லை.

"ஞாபகம் நல்லாவே இருக்கு, சார்" என்றாள் டாக்டர். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என்ன கோமளம், எதையாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"பேசாம படுங்க. தலையில தையல் இருக்கு."

மறுபடியும் வெடிச்சத்தம். இந்த முறை கீழே, தெருவிலேயே. கூடவே மேளம்.

"எனக்கா வெடிக்கிறாங்க? நான் முழிச்சது அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா?"

கோமளம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

கதவு திறந்தது. மகள் இளவேனில்.

பட்டுச்சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தோரம் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் விழித்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா."

"யாருக்கும்மா கல்யாணம்?"

அவள் ஓடிவந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். சின்ன வயதில்கூட அவள் இப்படி அழுது பார்த்ததில்லை.

அவளுக்குப் பின்னால் தங்கப்பழம் வந்து நின்றார். பல வருடங்களாக அவருடைய பாதுகாப்பு அதிகாரி. கட்டிலைப் பார்த்ததும் விறைப்பாக சல்யூட் அடித்தார். கண் கலங்கியிருந்தது.

நல்ல மனிதர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இளவேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

தங்கப்பழமும் ஓர் எட்டு நகர்ந்தார்.

அவள் திரும்பி வந்தாள். தங்கப்பழமும் பழைய இடத்துக்கு வந்தார்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் விளங்கவில்லை. தங்கப்பழம் யார் பின்னால் நகர்வார் என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் அவர் இங்கே படுத்திருக்கும்போது, தங்கப்பழம் ஏன்...

பட்டுச்சேலை. மேளம். வெடி.

அவள் இரண்டாம் முறை எம்.எல்.ஏ. ஆனபோது, கட்சியில் எல்லோரும் அவளுக்கு மந்திரி பதவி கேட்டார்கள். பொதுக்குழுவில், அவளையும் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நான் இருக்கிற வரைக்கும் என் வீட்டிலேருந்து இன்னொருத்தர் கிடையாது."

நான் இருக்கிற வரைக்கும்.

இருக்கிறேனே.

"டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்கப்பா" என்றாள் இளவேனில். மறுபடியும் அவர் கையைப் பிடித்திருந்தாள். "ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க. விட்டிருந்தா கட்சி ரெண்டாயிருக்கும். நான் கேக்கலை. அவங்களாத்தான் வந்து..."

நிறுத்திக்கொண்டாள்.

மாசிலாமணி விமானத்திலிருந்து இறங்கி வந்தபோது, அவரிடமும் இவர் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். அதுவும் தெரியவில்லை. பெற்ற பெண்ணைப் பார்த்து என்ன நினைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"எப்ப?"

"இன்னிக்குக் காலைலப்பா."

டாக்டர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள். கோமளம் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அவர் மகள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"உள்துறை யார்கிட்ட?"

இளவேனில் நிமிர்ந்தாள். அவள் குரல் சட்டென்று தெளிந்தது.

"என்கிட்டதான்பா."

அவர் அவள் பிடியிலிருந்து வலது கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தார். விரல்களைச் சேர்த்து நிறுத்தினார். அதோடு சேர்த்துக் கும்பிட இடது கையையும் தூக்கப் பார்த்தார். அது போர்வைக்கு மேல் அசையாமல் கிடந்தது.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"அப்பா, என்னப்பா இது."

அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள்.

அவர் விடவில்லை.