வில்மோட்டுக்கு விழுந்த ஓட்டு

"இந்த வருஷமும் உங்களுக்கு விருது நாமினேஷன் கிடைக்கலேன்னா என்னால தாங்கவே முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, பவுடர் பஞ்சாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஹில்டா.

கதாநாயகன் ஆர்ச்சர் வில்மோட் கண்ணாடி வழியாக அவளை அதிசயமாகப் பார்த்தார். பல வருஷமாக அவருக்கு மேக்கப் போடுகிறவள். புருவம் கோணிவிட்டது என்று போன வாரம்தான் அவள் தலையில் சோப்புத் தண்ணீரைக் கவிழ்த்திருந்தார். அவளுக்கா தன்மேல் இவ்வளவு பாசம்?

"உனக்காவது என் அருமை தெரிஞ்சிருக்கே, ஹில்டா."

"எனக்கு மட்டுமா? ஸ்டுடியோவே கர்த்தரை வேண்டிக்கிட்டிருக்கு சார். நான் தினம் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தறேன்."

ஹாலிவுட்டில் வில்மோட்டுக்கு மாளிகை இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, நீளமான கார் இருந்தது. நாமினேஷன்தான் இல்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் கூட வேலை செய்கிற ஜனம். வருஷா வருஷம் விருதுப் பட்டியல் வரும், இவர் பெயர் இருக்காது, அன்று வீட்டில் தட்டுகள் பறக்கும். தட்டெல்லாம் உடைந்தபிறகு, தன்னை ஒருவருக்கும் பிடிக்கவில்லையே என்று தனியாக உட்கார்ந்து அழுவார். அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

அந்த ஆற்றாமையில்தான் போன மாதம் ரேடியோ பேட்டியில் சபதமே போட்டிருந்தார். "ஒரே ஒரு நாமினேஷன்! அது வர்ற வரைக்கும் நான் ஓயமாட்டேன். வந்தப்புறம்தான் நடிப்பை விட்டுட்டு, பனி கொட்டற வெர்மான்ட்ல என் பண்ணைக்குப் போய் ஆடு மேய்ப்பேன்!"

பேட்டி எடுத்தவர் கைதட்டினார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. இவர் கார் வந்தாலே மரத்துக்குப் பின்னால் ஒளிகிற லைட்மேன்கள், இப்போது ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். கேன்டீன்காரர் சூப்பில் கறித்துண்டு போட்டார். அதற்குமுன் அவருடைய சூப்பில் கறியை யாரும் பார்த்ததில்லை.

எல்லாரையும்விடக் கூட்ட நடிகர் கஸ் மாறியதுதான் ஆச்சரியம். படத்துக்குப் படம் வில்மோட்டிடம் அறை வாங்குவது அவர் தொழில். நடிப்பில் உயிர் வேண்டும் என்று வில்மோட் நிஜமாகவே அறைவார். பளார் சத்தம் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்ப டேக் வாங்குவார். கஸ்ஸின் இடது கன்னம் வலது கன்னத்தைவிடப் பெரிது.

"கூட்ட நடிகர்கள் ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் சார்" என்றார் கஸ். "நானே வீடு வீடாப் போய்க் கேட்டிருக்கேன். மறுத்தவங்க கிட்ட என் கன்னத்தைக் காட்டினேன், உடனே சரின்னுட்டாங்க."

"என் நடிப்புக்கு அதைவிடச் சாட்சி வேணுமா!" என்று வில்மோட் அவரைக் கட்டிக்கொண்டார்.

பட்டியல் வருகிற அன்று காலையில் ஹில்டா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே காதுவரை மூடுகிற கம்பளிக் குல்லாய், அவள் கையால் பின்னியது. "எல்லாரும் காசு போட்டு நூல் வாங்கினோம் சார்" என்றாள். கலிபோர்னியா வெயிலில் கம்பளி எதற்கு என்றெல்லாம் வில்மோட் கேட்கவில்லை. பாசத்துக்குக் காரணம் கேட்பார்களா? அப்போதே மாட்டிக்கொண்டு, வியர்வை மூக்கில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் கேன்டீன் ரேடியோவில் பெயர்களை வாசித்தார்கள். மூன்றாவது பெயர், ஆர்ச்சர் வில்மோட்!

கேன்டீன் கூரை பிய்த்துக்கொள்ளாத குறை. ஹில்டா கஸ்ஸைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். லைட்மேன்கள் மேஜைமேல் ஏறி ஆடினார்கள். கேன்டீன்காரர் முந்தின நாளே செய்து வைத்திருந்த கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்டுடியோ முதலாளி ப்ரூடர் மட்டும் ஆடவில்லை. நாமினேஷன் வாங்கிய நடிகனைக் கைவிட எந்த முதலாளிக்கு மனசு வரும்? வில்மோட்டின் தோளில் கை போட்டு, பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது வில்மோட்டின் கண்ணிலிருந்து கிளிசரின் இல்லாமலே கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"என்னை யாருக்கும் பிடிக்காதுன்னு இத்தனை வருஷமா தப்பா நெனச்சிட்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள்! எனக்காக மெழுகுவத்தி ஏத்தினீங்க, வீடு வீடா அலைஞ்சீங்க. உங்களையெல்லாம் விட்டுட்டு அந்தக் குளிர்ல போய் நான் ஆடு மேய்க்கறதா? பண்ணையை வித்துடச் சொல்லிட்டேன்! முதலாளியோட இன்னும் ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம். இப்பதான் கையெழுத்துப் போட்டேன்!"

மேஜைமேல் ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது. கஸ்ஸின் கை தானாகத் தன் கன்னத்தைத் தடவியது.

சந்தோஷத்தில் வாயடைத்துப்போனார்கள் என்று வில்மோட் நினைத்தார். ஹில்டா அழுதுகொண்டே அவரிடம் வந்தாள். முத்தம் கொடுக்கத்தான் வருகிறாள் என்று அவர் குனிந்து கன்னத்தைக் காட்டினார்.

அவள் எட்டி அவர் தலையிலிருந்த அந்தக் குல்லாயைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஓட்டும் குல்லாவும் ஊரை விட்டுப் போறவருக்குத்தான் சார்!"