பாப்பாவின் இடம்

மலைக்காட்டுக்குள் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இருக்கலாம். குடியிருப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மாசாணிக்கு மகள் பிறந்த காலையில் கணக்கு நிறைந்து, நுழைவாயில் ஒரு சுற்றுலாப் பயணியை மறித்துவிட்டது. பல வருடம் காத்திருந்து வந்த தேவசகாயம், "புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டுத் திரும்பிப்போனார்.

மாசாணிக்கு மனசு கேட்கவில்லை. தடுப்பூசிக்காக மகளோடு முதன்முதலாக ஊருக்கு இறங்கும் நாளைச் சொல்லி அவரை வரவழைத்தாள். வாயிலில் மனைவியோடு நின்றிருந்தார்.

"ஊசி போட்டதும் வந்துருவியாம்மா?" என்றார்.

"இல்லீங்கண்ணா, பொழுதாயிரும். எங்க ரெண்டு பேரு இடமும் உங்களுக்குத்தான். நிதானமாப் பாருங்க."

ஊசி காலையிலேயே முடிந்தது. மாசாணி மகளை மடியில் போட்டுக்கொண்டு, மலையேறும் பஸ்களை ஒவ்வொன்றாகப் போகவிட்டு, கடைசி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள்.