விசுவகர்மா பூஜைக்கு மறுநாள்

கொல்கத்தாவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் காலை பதினோரு மணி. உயர்ந்த ஜன்னல் வழியாக இறங்கிய வெயில், டோகாமாக்கின் செம்புச் சுருள்மேல் நேற்றுச் சாத்திய சாமந்தி மாலையில் படுத்திருக்கிறது. வளையமான அந்த இயந்திரத்துக்குள், கொதிக்கும் மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் பிடித்து வைப்பது காந்தப்புலம் மட்டுமே. இன்று பிளாஸ்மா நிற்க மறுக்கிறது. இயக்கிப் பார்த்த ஐந்து முறையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சுவரைத் தொட்டு அணைந்துவிட்டது. புதிய சுருளுக்கு இன்றுதான் முதல் நாள். மூன்று மாதம் உட்கார்ந்து அதைச் சுற்றிய வேதாச்சலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "என் சுருள்தான்மா கோணல். அறுத்துப் போட்ரு." ஆராய்ச்சியாளர் வித்யாலட்சுமியின் கண், இயந்திரத்தை ஒட்டிக் கிடக்கும் இரும்பு பெஞ்சில் இருக்கிறது. அதன்மேல் களிமண் விசுவகர்மா, யானையோடு. "அண்ணா, இந்த பெஞ்சு எப்ப வந்துச்சு?" "நேத்து பூஜைக்கு நான்தான் போட்டேன். ஏன்?" "இரும்பாச்சே. புலத்தைக் கோணலாக்கிடுமே." "கங்கையில விடுறதுக்கு முன்னாடி டாக்குரை, சாமியை, நகர்த்தலாமா?" "நகர்த்தலேன்னா உங்க சுருளைத்தான் அறுக்கணும்." இருவரும் சாமியைப் பிடித்து மர ஸ்டூலுக்கு மாற்றுகிறார்கள். பெஞ்சு தரையைக் கீறிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போகிறது. கம்பி வலைக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். மின்தேக்கிகள் ரீங்கரித்து ஓய்கின்றன. 'டப்' என்றொரு சத்தம். கண்ணாடித் துளையில் இளஞ்சிவப்பு ஒளி வந்து மறைகிறது. திரையில் பிளாஸ்மாவின் கோடு நடுவிலேயே நேராக ஓடி முடிகிறது. வேதாச்சலம் அந்தக் கோட்டை விரலால் ஒரு தரம் தடவிப் பார்க்கிறார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய், அந்த இரும்பு பெஞ்சிலேயே, காலையிலிருந்து முதல் தடவையாக உட்காருகிறார்.