நாலு எல்லைக்கல்

பூங்காவே தன்னுடையது என்று செவலை நாய்க்கு நினைப்பு. ஒருநாள் ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்து, நாலு மூலையிலும் எல்லைக்கல் நட்டார்கள். செவலைக்கும் பிஸ்கட் போட்டார்கள். அவர்கள் போனதும் அது ஒவ்வொரு கல்லாக மோந்து, காலைத் தூக்கி நனைத்துவிட்டு வந்துதான் நிம்மதியாகப் படுத்தது.

மறுவாரம் கற்கள் பூங்கா ஊஞ்சலைத் தாண்டி உள்ளே வந்திருந்தன.

"பக்கத்துத் தெரு கருவாயன் வேலைதான் இது. அந்த நாயோட முழியே சரியில்ல," என்று செவலை உறுமியது.

"நாய் எங்கயாவது கல்லைப் பிடுங்கி நடுமா? ரோட்டை அகலமாக்கப் போறதா அளந்தவங்க பேசிக்கிட்டாங்க," என்றது வேப்பமரத்து அணில்.

"எனக்கு பிஸ்கட் போட்டவங்க மேலயே பழியா? கருவாயன் உனக்கு என்ன கொடுத்தான்?"

அதற்குப் பிறகு செவலை அணிலோடு பேசவில்லை. கற்கள் உள்ளே நகரும்போதெல்லாம் கருவாயனோடு கட்டிப் புரண்டு, காது கிழிந்து திரும்பியது. வந்ததும் மறக்காமல் கற்களை நனைத்தது.

வேப்பமரம் போனது, அணிலும் போனது. ரோடும் வந்துவிட்டது. மிஞ்சிய திட்டில் கற்களுக்கு நடுவே உடம்பைச் சுருட்டிப் படுத்திருந்த செவலை, எதிர்ப்பக்கம் நொண்டிக்கொண்டு போன கருவாயனைப் பார்த்துக் குரைத்தது:

"இனிமே ஒரு கல்லைத் தொட்டுப் பாருடா! படுத்த இடத்திலிருந்தே நாலும் எனக்குத் தெரியும்."