ஜெனரல் ஷிப்ட்

பஸ் நிற்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

கீழே, புங்கமர நிழலில், அவன் நின்றிருந்தான். தோளில் குழந்தை. கையில் டிபன் பை.

"வந்துட்டாருடி உன் லவ்வரு," என்றாள் பின்சீட்டுச் சாலம்மா. "கல்யாணம் ஆயிடுச்சின்னு அந்த ஆளுக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா."

பஸ்ஸே சிரித்தது.

அவளுக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

அவளுக்குக் காலை ஷிப்ட். வேறொரு கம்பெனியில் அவனுக்கு மாலை ஷிப்ட். குழந்தைக்காக இருவருமே கேட்டு வாங்கியது. அவளை இறக்கிவிட்டு அவள் பஸ் போகும். சற்று நேரத்தில் அவனை ஏற்றிக்கொள்ள அவன் பஸ் வரும்.

நடுவில் இருப்பதுதான் அவர்கள் குடித்தனம்.

குழந்தை கைமாறும். வீட்டுச் சாவி கைமாறும். குழந்தை அமுதினி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பது முடிந்த பிறகும் பேச இருக்கும். லைனில் யார் நின்றுகொண்டே தூங்கினான், கேன்டீன் சாம்பாரில் பருப்பு எங்கே போனது. அவன் சொல்லச் சொல்ல அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நேற்று அவளுக்கு வேறொரு வேலை வந்தது.

புதிய கம்பெனி. ஜெனரல் ஷிப்ட்; காலையில் போனால் சாயங்காலம் வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஆயா. அவள் சேர்ந்தால் அவனும் ஜெனரலுக்கு மாறிவிடலாம். சூப்பர்வைசரிடம் கேட்டு வைத்திருக்கிறான். இனி ராத்திரிச் சாப்பாடு மூவரும் ஒன்றாக.

இன்று சாயங்காலம் போன் வரும். பதில் சொல்ல வேண்டும்.

இதற்குப் போய் யாராவது யோசிப்பார்களா?

யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு கம்பெனியும் சேர்ந்தாற்போல் மூடிய வாரம். முதல் நாள் பிரியாணி. மறுநாள் அவன் டி.வி. பார்த்தான், அவள் துணி மடித்தாள். அப்புறம் ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்று ஒரு சண்டை.

பிறகு சண்டைகூட இல்லை.

கம்பெனி திறந்த அன்று, இதே மரத்தடியில், அவன் மறுபடி பேச ஆரம்பித்தான்.

இதை யாரிடம் சொல்வது? புருஷன் வீட்டில் இருந்தால் பயமாக இருக்கிறது என்றா? அப்படியும் இல்லை. அவனோடு இருக்கத்தான் ஆசை. இருந்தால் இந்த மரத்தடிப் பேச்சு போய்விடுமோ என்றும் இருந்தது. எது ஆசை, எது பயம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இறங்கினாள். குழந்தை தாவியது.

அவன் சாவியைக் கொடுக்கவில்லை.

அவன் பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். போகச் சொல்லிக் கையசைத்தான்.

போய்விட்டது.

"என்னங்க?"

"லீவு சொல்லிட்டேன்." அவன் ரோட்டைப் பார்த்தான். "நீ பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் சும்மா இருந்து பாக்கலாம்னு. அந்தப் பூஜை லீவு ஞாபகம் இருக்கில்ல?"

தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

குழந்தையோடு அவள் முன்னே நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

சாயங்காலம் சமையலறையில் இருவரும் ஒரே நேரத்தில் அரிசி டப்பாவுக்குக் கை நீட்டினார்கள். இருவரும் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"நீயே வை."

"இல்ல, நீங்க வைங்க."

அந்த அடுப்பின் முன் அவர்கள் சேர்ந்து நின்றதில்லை. காலையில் அவன். மாலையில் அவள்.

அவன் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். சமையலறை வாசலை ஒட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவளுக்கு அவன் கால்கள் மட்டும் தெரிந்தன.

உலை வைத்தாள். வாணலியைப் போட்டாள்.

வெகுநேரம் கத்திச் சத்தம் மட்டும்.

"காலைல," என்றான் சுவருக்கு அந்தப் பக்கம், "உன் பொண்ணு கீழ் வீட்டம்மாவப் பாத்து என்ன கேட்டா தெரியுமா?"

"நான் ஒண்ணும் கேக்கல," என்றது குழந்தை.

"மீசைய எப்ப எடுப்பீங்கன்னு கேக்கறா. அந்தம்மா மூஞ்சியப் பாக்கணுமே. இடுப்புல கைய வெச்சிக்கிட்டு…"

எண்ணெய் சடசடத்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

போன் அடித்தது.

அவன் நிறுத்தினான். கத்தியும் நின்றது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலை மடக்கி வழிவிட்டான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போனை எடுத்தவள், காதில் வைக்குமுன் திரும்பினாள்.

"இருங்க, பேசிட்டு வந்துடறேன். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு மறந்துடாதீங்க."