செண்பகத்தின் பதினொரு இலைகள்

ஆமையும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டன. ஆமை ஒரு செண்பகக் கன்றைக் கொண்டுவந்து நட்டது. அதில் மொத்தமே பதினொரு இலைகள்தான் இருந்தன.

“பூ எங்கே அண்ணே?” என்று கேட்டது வண்ணத்துப்பூச்சி.

“ஏழெட்டு வருஷத்துல வந்துடும்.”

“என் ஆயுசே ஒரு மாசம்தான்! எனக்கு இன்னைக்கே பூ வேணும்.”

அது பூத்துக் குலுங்கிய சாமந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு வரவழைத்தது. நாள் முழுக்கத் தேன் குடித்துக் கும்மாளம் போட்டது. ஆமையும் கழுத்தை நீட்டி வாசம் பிடித்து, “நல்லாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டது.

பத்தாம் நாள் சாமந்தி வாடியது. அன்றைக்கே வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிடும் நேரமும் வந்துவிட்டது. சாமந்தி இலை அதன் பிள்ளைகளுக்கு ஆகாது. தோட்டமெல்லாம் பறந்து தேடிவிட்டு, தயங்கித் தயங்கிச் செண்பகக் கன்றில் வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, என் பிள்ளைங்க இந்த இலையைத்தான் தின்னும். தின்னா உங்க பூ இன்னும் தள்ளிப்போகுமே?”

ஆமை பதினொரு இலைகளையும் ஏக்கத்தோடு ஒருமுறை பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது.

“நீ முட்டையிடு தங்கச்சி. பசிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் அவசரம், எனக்கென்ன?”